புதுப்பித்தலுக்குப் பின் தேடப்படும் ‘ஸ்ரீ’: லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ்ப் பனுவல்களின் பழுதும் பழுதறிதலும் (மாமல்லபுரக் கரைக் கல்வெட்டுகளை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்த பின்னர்த் தமிழ்க் கோப்புகளில் தோன்றும் சிக்கல்களைப் பயனர் பெரும்பாலும் ‘உரை கெட்டுவிட்டது’ என்றே உணர்கின்றனர். உண்மையில் வட்டில் உள்ள உரை மாறாமல் இருக்க, அதனைக் காட்டும் முறையோ, தேடும் முறையோ, வரிசைப்படுத்தும் முறையோ மாறியிருப்பதே மிகுதி. பழுது எந்த அடுக்கில் உள்ளது என அறியுமுன் செய்யப்படும் திருத்தமே நிலையான சேதத்தை உண்டாக்குகிறது என்பதை, 1998 முதல் 2019 வரையிலான மாற்றங்கள் சிலவற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மாமல்லபுரக் கரைக் கல்வெட்டுகளின் மின்படிகள் இதற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், ஒருங்குறி, ஸ்ரீ, அகரவரிசை, கல்வெட்டு, மாமல்லபுரம், பழுதறிதல்

முன்னுரை

சோழர் காலக் கல்வெட்டுகளின் வாசகங்களைத் தம் கணினியில் உள்ளிட்டு வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நேற்று வரை ‘ஸ்ரீ’ என்று தேடினால் நூற்றுக்கணக்கான வரிகள் வந்தன. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் அதே சொல்லைத் தட்டச்சிட்டுத் தேடுகிறார். ஒரு வரியும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ கண்ணெதிரே நிற்கிறது. இருக்கும் சொல் இல்லையென்று கணினி சொல்கிறது. அவர் செய்யக்கூடியவை மூன்று: இயங்குதளத்தையே கைவிட்டு வேறொன்றுக்குப் போகலாம், கோப்பு கெட்டுவிட்டதென்று எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சிடலாம், அல்லது இடையில் மாறியது எது என்று தேடலாம். முதலிரண்டுமே நம்மிடையே மிகுதியாக நடப்பவை. மூன்றாவதற்கு வேண்டிய வரலாற்றறிவு தமிழில் எழுதப்பட்டது குறைவு. அந்தக் குறையில் ஒரு பகுதியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமாகச் செங்கல்பட்டு, மாமல்லபுரக் கரைப் பகுதியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இரண்டு. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் தொடங்கப்பட்டபோது, அதன் பணிகளைச் சென்னை சி-டாக் நிறுவனத்துடன் பகிர்ந்துகொண்டது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம். அது இயங்கியது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த குரோம்பேட்டை, 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மற்றொரு காரணம் பனுவல் சார்ந்தது. தமிழ், கிரந்தம், நாகரி ஆகிய மூவகை எழுத்தும் சில கல் தொலைவுக்குள் கல்லில் கிடைக்கும் இடம் மாமல்லபுரமும் அதனை அடுத்த சாளுவன்குப்பமும். தமிழ்க் கணிமையின் குறியாக்கச் சிக்கல்கள் பலவற்றையும் ஒரே இடத்தில் சோதிக்க இதைவிட ஏற்ற பனுவல் தொகுதி வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் வந்த லினக்ஸ்

தமிழ்நாட்டில் லினக்ஸ் ஆர்வலர் வட்டத்தைத் தாண்டி அரசு அலுவலகத்திற்குள் வந்தது 2006-07 காலத்தில். சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகள் மாணவர் கைக்குச் சென்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிவடையவிருந்த நிலையில், 2013இல் மாநில அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது.

இவை கொள்கை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை. ஆனால் ஓர் இயங்குதளம் ஓர் அலுவலகத்தில் நிலைப்பதும் நிலையாமல் போவதும் அரசாணை வெளியாகும் நாளில் முடிவாவதில்லை. முதல் புதுப்பித்தலுக்கு மறுநாள் காலை, மேசை முன் அமர்பவருக்குத் தம் பழைய கடிதம் படிக்கக் கிடைக்கிறதா என்பதில் முடிவாகிறது. இந்த மறுநாளைப் பற்றிய ஆவணம் அரசு ஏடுகளில் இடம்பெறுவதில்லை. எனினும் மென்பொருள்களின் பதிப்பு வரலாற்றில் அதன் தடம் தெளிவாக உள்ளது.

புதுப்பித்தலுக்குப் பின் கணினியே எழாமல் போவது, கம்பியில்லா இணைப்பு அறுபடுவது, திரை இருண்டுவிடுவது போன்றவை எல்லா மொழியினருக்கும் பொது. இவற்றுக்கான முதல் மருந்து லினக்ஸிலேயே வைக்கப்பட்டுள்ளது: டெபியன் வழிவந்த தளங்கள் புதிய கெர்னலை நிறுவும்போது பழையதையும் விட்டுவைக்கின்றன; தொடக்கப் பட்டியலில் பழையதைத் தெரிவு செய்து கணினியை எழுப்பிப் பார்த்தால், குற்றம் கெர்னலிலா வேறெங்கேயா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். இக்கட்டுரையின் அக்கறை இதனினும் நுட்பமான பழுதுகள் மீது. கணினி நன்றாக எழும். பிழைச்செய்தி எதுவும் வராது. தமிழ் மட்டும் தவறாக இருக்கும்.

உருவம் மாறுதல்

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டபோது தமிழுக்கு ஒரே குறியாக்கம் என்பது இல்லை. மயிலை எழுத்துரு, இணைமதி, டிஸ்கி எனக் குறிமுறைகள் பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்பனவும் வந்தன. இவற்றில் எழுதிய உரைக்கு எழுத்துருவே உயிர். எழுத்துருவை நீக்கினால் உரை பொருளற்ற குறிகளாக மாறிவிடும். அக்காலத்தில் ‘எழுத்து கெட்டுவிட்டது’ என்பது ஏறக்குறைய உண்மையே. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தன் தரங்களாக ஏற்ற பின்னரும், இந்தப் பழைய அச்சம் பயனரிடையே நீங்கவில்லை. திரையில் கட்டங்களைக் கண்டவுடன் கோப்பு பாழ் என்று முடிவுகட்டுவது அந்நாளைய பழக்கத்தின் எச்சம்.

ஒருங்குறியில் நிலைமை வேறு. ‘கொ’ என்பது வட்டில் ‘க’வும் ஒரு உயிர்க்குறியுமாகவே இருக்கும். அதனைக் கொம்பு, ககரம், கால் எனப் பிரித்து இருபுறமும் வைப்பது உருவமைப்புப் பொறியின் வேலை. 2000களில் லினக்ஸில் இந்தப் பொறி ஒன்றாக இல்லை. க்னோம் செயலிகளுக்குப் பேங்கோ, கேடிஇ செயலிகளுக்கு க்யூட்டியின் பொறி, அலுவலகத் தொகுப்புக்கு வேறொன்று. ஆகவே ஒரே கோப்பு ஒரு செயலியில் செம்மையாகவும் மற்றொன்றில் கொம்பு பின்னால் விழுந்தும் தோன்றும். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் புதிதாக எழுதிய ஹார்ஃபஸ் பொறியைப் பேங்கோ 2012இல் ஏற்றது. லிப்ரே ஆஃபிஸ் 2017இல் வந்த 5.3 பதிப்பில் முழுமையாக ஏற்றது. (ஹார்ஃபஸ் என்பது ‘திறந்த எழுத்து’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாக்கம். தமிழின் கொம்பும் காலும் இன்று ஒரு பாரசீகப் பெயரின் துணையால் தத்தம் இடத்தில் நிற்கின்றன.) அதன்பின் இவ்வகைப் பழுது அருகிவிட்டது.

ஆனால் அதே மாற்றம் வேறொரு இழப்பைக் கொண்டுவந்தது. லிப்ரே ஆஃபிஸ் 5.3உம், 2019இல் வந்த பேங்கோ 1.44உம் ‘டைப் 1’ என்னும் பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவைக் கைவிட்டன. ஒருங்குறிக்கு முந்தைய ஆவணம் ஒன்று அவ்வகை எழுத்துருவை நம்பியிருந்தால், புதுப்பித்த மறுநாள் அது லத்தீன் குறிகளாகத் தோன்றும். இங்கே எழுத்துருவை மீட்க முயல்வது வீண். கோப்பின் குறிமுறையை இனங்கண்டு ஒருங்குறிக்கு மாற்றுவதே வழி. மூலக் கோப்பைத் தொடாமல் படியெடுத்து மாற்றுவது முறை.

உருவப் பழுதை அடுக்கறிந்து காண்பதற்கு அன்று பயனர் கண்ட வழி இன்றும் செல்லும்: ஒரே கோப்பை இரு வேறு செயலிகளில் திறந்து பார்ப்பது. இரண்டிலும் ஒரேபோல் தவறினால் ஐயம் எழுத்துரு மீதோ உரை மீதோ. ஒன்றில் மட்டும் தவறினால் ஐயம் அச்செயலியின் பொறி மீது. அடுத்து எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது. இவ்விரண்டையும் செய்யாமல் உரையில் கைவைப்பது, அகல்விளக்கு மங்கியதற்காக ஓலையைத் திருத்துவது போன்றது.

‘ஸ்ரீ’ இரண்டானது

தொடக்கத்தில் கண்ட ஆய்வாளரின் சிக்கலுக்கு வருவோம். அதன் வேர் 2005 மார்ச்சில் உள்ளது.

இஸ்கி 1988ஐ அடியொற்றி 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் அமைந்தபோது, ‘ஶ’ என்னும் எழுத்து அதில் இல்லை. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக்குறி எனும் நான்கன் தொடராகவே உள்ளிட வேண்டியிருந்தது. 2005இல் வந்த ஒருங்குறி 4.1 ‘ஶ’வைச் சேர்த்தது. கிரந்த மரபுப்படி ‘ஸ்ரீ’யின் முதல் மெய் ஶகரமே என்பதால், அப்பதிப்பு முதல் ஶகரத்தில் தொடங்கும் தொடரே ஏற்ற வடிவமாகக் கொள்ளப்பட்டது. பதின்ம எண்ணில் சொன்னால், ஸகரத்தின் குறியெண் 3000, ஶகரத்தினது 2998. இரண்டு எண் வேறுபாடு. திரையிலோ எழுத்துருக்கள் பலவும் இரு தொடருக்கும் ஒரே உருவையே தருகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

வேறு சில இரட்டைகளுக்கு ஒருங்குறியே தீர்வு வைத்திருக்கிறது. ‘கொ’வின் ஒகரக்குறியை 3018 என்ற ஒற்றை எண்ணாகவும் எழுதலாம், கொம்பு 3014, கால் 3006 என இரண்டாகவும் எழுதலாம். இவை சமம் என்று தரத்திலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், இயல்பாக்கம் எனும் செயல்முறைக்கு உட்படுத்தினால் ஒன்றாகிவிடும். ‘ஸ்ரீ’யின் இரு தொடர்களுக்கு இந்த வரையறை இல்லை. இரு வடிவமும் பரவலாக வழங்குவதால் இரண்டையும் சமமாகக் கருதுமாறு ஒருங்குறி நூல் பரிந்துரைக்கிறது. பரிந்துரையை ஏற்பதும் விடுவதும் அந்தந்த மென்பொருளின் பொறுப்பு. எனவே உள்ளீட்டுப் பொதி ஒன்று புதுப்பிக்கப்பட்டு, அதே விசை ஸகரத் தொடருக்கு மாறாக ஶகரத் தொடரைத் தரத் தொடங்கினால், பழைய கோப்புகள் முழுதும் புதிய தேடலுக்கு அகப்படாமல் போகும். லினக்ஸில் உள்ளீட்டு அடுக்கே பலமுறை மாறியிருக்கிறது: 2009இல் ஃபெடோராவும் உபுண்டுவும் ‘ஸ்கிம்’ முறையை விட்டு ‘ஐபஸ்’ முறைக்கு மாறின. தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தியவர் பலர் அதன் இருப்பிடத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. விசைப்பலகையே காணாமற்போவது நல்ல பழுது, உடனே தெரிந்துவிடும். விசை அதேபோல் இயங்கி எண் மட்டும் மாறுவது தெரியாத பழுது.

கல்வெட்டாய்வில் இதன் விளைவு என்ன? சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற மங்கலத் தொடரோடு தொடங்குகின்றன. மின்தொகுப்பு ஒன்றில் கல்வெட்டுகளின் தொடக்கத்தைப் பிரித்தறிய இத்தொடரையே அடையாளமாகக் கொள்வது எளிய வழி. அத்தொகுப்பில் ஒரு பகுதி 2005க்கு முன்பும் ஒரு பகுதி பின்பும் உள்ளிடப்பட்டிருந்தால், எண்ணிக்கை பாதியில் நிற்கும். ‘இன்ன மன்னன் காலத்தில் இத்தொடக்கம் அருகி வழங்குகிறது’ என்றொரு முடிவு கூட அதன்மேல் எழுப்பப்படலாம். அது வரலாற்று முடிவாகாது. விசைப்பலகையின் வயதைப் பற்றிய முடிவாகவே இருக்கும். மின்தொகுப்பில் செய்த எண்ணிக்கைகளை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் பெருகிவரும் இந்நாளில், எந்தத் தொடரைத் தேடினோம் என்று குறிப்பவை மிகச் சிலவே. இது ஒரு குறையாகக் கருதப்படாததே பெரிய குறை.

இதற்கு மறுமருந்து என நினைத்து, எல்லா ஸகரத் தொடரையும் ஶகரத் தொடராக ஒரே கட்டளையில் மாற்றிவிடுவோரும் உளர். ‘ஸ்ரீ’ என்ற நான்கன் தொடரை மட்டும் மாற்றினால் தீங்கு குறைவு. தொடரைக் கருதாமல் ஸகரத்தையே மாற்றினால் ‘ஸ்வஸ்தி’யின் ஸகரமும் கெடும். அவ்வாறு கெட்டதைப் பின்னர் மீட்க, மூலப்படி இல்லாவிடில் வழியில்லை. உரையை அப்படியே வைத்துவிட்டு, தேடும் இடத்தில் இரண்டையும் சமமாக்குவதே நான் ஏற்கும் வழி. ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் ககரத்தோடு கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதப்பட்ட ‘கெள’, எண் ஏழைக் குறிக்கும் ‘௭’ இருக்கவேண்டிய இடத்தில் உயிரெழுத்து ‘எ’ ஆகியவை வேறு இனம். அவை தட்டச்சிட்டவரின் பிழைகள்; அவற்றைக் கோப்பிலேயே திருத்தலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டும் நில அளவும் தமிழ் எண்களில் வருவதால் இரண்டாவது பிழை ஆபத்தானது.

அட்டை இருக்கிறது, வரிசை மாறிவிட்டது

தேடலைக் கெடுத்த மற்றொரு மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் தரவுத்தளங்களைப் பாதித்தது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 பதிப்பு, மொழிகளுக்கான வரிசைப்படுத்தல் விதிகளைப் பெரும்பாலும் புதிதாக எழுதியது. உபுண்டு 18.10, ரெட் ஹேட் 8, டெபியன் 10 ஆகியவற்றின் வழி அது பயனரை அடைந்தது. அதன்பின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் இருக்கும் பதிவு தேடலில் கிடைக்காமலும், இருமுறை வரக்கூடாத பதிவு இருமுறை ஏறியும் குழப்பம் நேர்ந்தது.

நூலக அட்டைப் பேழையை நினைத்தால் இது விளங்கும். அட்டைகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. தேடுபவர் பாதியில் திறந்து, தாம் வேண்டும் சொல் முன்னா பின்னா என்று பார்த்து, அப்பாதியில் மறுபாதி என்று குறுக்கிக்கொண்டே போகிறார். ஓரிரவில் நூலகர் அகரவரிசை விதியை மாற்றிவிட்டார். அட்டைகளை மட்டும் மறுபடி அடுக்கவில்லை. மறுநாள் தேடுபவர் புதிய விதிப்படி தவறான பக்கம் திரும்புகிறார். அட்டை பேழைக்குள்ளேயே இருக்கிறது, கைக்கு அகப்படாது. இல்லையென்று எண்ணி அதே நூலுக்குப் புதிய அட்டை எழுதி வைத்தால் இரட்டிப்பும் நேரும்.

இந்த மாற்றத்தை அறிவதற்குப் போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் வழங்கும் சோதனை மிகச் சிறியது. ‘1-1’, ‘11’ என்னும் இரண்டு வரிகளை ஆங்கில மொழி அமைப்பில் வரிசைப்படுத்த வேண்டும். பழைய ஜிலிப்சியில் 11 முன்னும் 1-1 பின்னும் வரும். புதியதில் 1-1 முன் வரும். இந்த எடுத்துக்காட்டு கல்வெட்டாய்வாளரை நேராகத் தொடுகிறது. தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் சிறுகோட்டால் இணைத்து அடையாளம் இடுவது நம் வழக்கம். ஹுல்ட்ஷ் 1890இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி, மாமல்லபுரத் தர்மராஜ ரதத்தில் உள்ள பட்டப்பெயர்க் கல்வெட்டுகளோடு தொடங்குகிறது. அடையாளமுறைப்படி அதன் முதற்கல்வெட்டு 1-1 ஆகும். கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, ஆமூர்க்கோட்டத்து ஆமூர் நாட்டு மாமல்லபுரத்தார் தம் நிலங்களை நான்கு கூறாகப் பகுத்துக்கொண்ட செய்தியைச் சொல்வது, 1-40. இவ்வகை அடையாளங்களை ஆங்கில மொழி அமைப்பில் அட்டவணையிட்ட எந்தத் தரவுத்தளமும் அந்தப் புதுப்பித்தலில் தப்பியிருக்க முடியாது. குறியெண் வரிசையில் அட்டவணையிட்டவை தப்பின.

பழுது நீக்கம் எளியது: அட்டவணையை மறுபடி கட்டும் ‘ரீஇண்டெக்ஸ்’ கட்டளை. அதற்குமுன் இரட்டிப்புப் பதிவுகள் ஏறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் தனித்தன்மை அட்டவணை கட்டப்பட மறுக்கும். காப்புப்படியிலிருந்து தரவை மீட்டுவதோ, தரவை மீண்டும் உள்ளிடுவதோ தேவையில்லை. 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், தரவுத்தளம் தான் உருவான நாளின் வரிசை விதிப் பதிப்பைக் குறித்துவைத்து, வேறுபட்டால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை வந்ததற்கும் வராமலிருந்ததற்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கட்டப்பட்ட ஆய்வுத் தரவுகளை ஐயத்தோடு ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பழுது உண்டு. புதுப்பித்தலின்போது தமிழ் மொழி அமைப்பு மறுபடி உருவாக்கப்படாமல் விடுபட்டால், கணினி குறியெண் வரிசைக்குத் திரும்பிவிடும். ஒருங்குறியில் மெய்யெழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கு முறையில் வைக்கப்படவில்லை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ஜகரம் ஞகரத்துக்கு முன்பும் நிற்கின்றன. ஆகவே இம்மாவட்டத்து ஊர்ப்பட்டியலில் மாமல்லபுரத்துக்கு முன்னால் மானாமதி வந்து நிற்கும். ‘பக்கம்’ என்பதற்கு முன்னால் ‘பகல்’ வரும். சொல்லடைவு தொகுப்போர் இதனைக் கண்டால் கோப்பை ஆராய வேண்டியதில்லை. மொழி அமைப்பை ஆராய வேண்டும். னகரம் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கவேண்டும் என்ற தொல்காப்பியக் கால முறை கெட்டதற்கு ஒரு பொதி நிறுவப்படாமை காரணமாக இருக்கலாம் என்பது, இலக்கணம் பயில்வோருக்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.

எங்கே தொடங்குவது

டெபியன் வழித் தளங்களில் ஒவ்வொரு பொதியும் நிறுவப்பட்ட நாள், நேரம், பழைய பதிப்பெண், புதிய பதிப்பெண் ஆகியவை பதிவேடு ஒன்றில் வரிவரியாகச் சேர்கின்றன. ஆட்சியாண்டு குறிக்காத தானக் கல்வெட்டை வைத்துக்கொண்டு இடர்ப்படும் ஆய்வாளருக்கு இதன் அருமை தெரியும். பழுது தோன்றிய நாளுக்கு முந்தைய வரிகளைப் படித்தால், அந்நாளில் மாறிய பொதிகள் எழுத்துருவா, உருவமைப்புப் பொறியா, உள்ளீட்டு முறையா, ஜிலிப்சியா என்பது தெரிந்துவிடும். ஐயத்துக்குரிய கோப்பின் எண்களை நேராகக் காட்டும் கருவிகளும் லினக்ஸில் முன்பே உள்ளன. புதுப்பித்தலுக்கு முன் எடுத்த காப்புப்படியின் எண்களோடு ஒப்பிட்டால், உரை மாறியதா இல்லையா என்ற கேள்விக்கு ஐயத்திற்கிடமில்லாத விடை கிடைக்கும். இந்த ஒரு கேள்விக்கு விடை காணும்வரை கோப்பில் ஓர் எழுத்தையும் தொடாமலிருப்பது, பழுதறிதலில் பாதி.

பாடவேறுபாட்டை ஆராயும் பதிப்பாசிரியர்க்கு இது புதிதன்று. ஏட்டுப்பிழையா, படித்தவர் பிழையா, அச்சுப்பிழையா என்று பிரித்தறிந்த பின்னரே அவர் பாடத்தில் கைவைப்பார். அப்பயிற்சி பெற்ற தமிழாய்வாளர் கணினி முன் அமரும்போது அதனைக் கழற்றி வைத்துவிட வேண்டியதில்லை.

பெயர்ச்சொல்லிலும் இதே சிக்கல் உண்டு என்பதைக் குறித்தாக வேண்டும். மாமல்லபுரம் மாறவில்லை; அது இருக்கும் மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. பழைய ஆங்கிலப் பதிப்புகளில் ‘சிங்கிள்புட்’. பின்னர்ச் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்; 1997 முதல் காஞ்சிபுரம்; 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. மாவட்டப் பெயரால் தேடும் தரவுத்தளத்தில் ஒரே கடற்கரைக் கோயில் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால், அப்பெயரால் முந்தைய நூல்களில் சுட்டப்பட்ட இடங்கள் அறுந்துபோகும். நான்கையும் வைத்து, ஒன்றோடொன்று இணைப்பதே ‘ஸ்ரீ’க்கும் ‘சிங்கிள்புட்’டுக்கும் பொதுவான முறை.

சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. நாகரி தொடக்கம் முதலே ஒருங்குறியில் உள்ளது. கிரந்தத்துக்கு, 2010இல் தமிழ்நாடு அரசின் மறுப்பால் தள்ளிப்போய், 2014இல் வந்த 7.0 பதிப்பில்தான் இடம் கிடைத்தது. அதுவரை இச்சுவர்களைப் படியெடுத்தவர் ஒருவர் கிரந்தப் பகுதியைத் தமிழெழுத்திலோ நாகரியிலோ மாற்றி எழுதியே உள்ளிட முடிந்தது. புதிய எழுத்துருப் பொதி நிறுவப்படாத பழைய லினக்ஸில் இன்றும் அக்குறியெண்கள் வெறுங்கட்டங்களாகவே தோன்றும். பொதியைப் புதுப்பித்த மறுநாள், கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமலே, அங்கே கிரந்தம் தெரியும்.